காத்திருப்பா, கைக்காசா, காப்பீடா?

அரசே வைத்தியச் செலவை ஏற்கிற நாட்டில், காசு கொடுத்துத் தனியாரிடம் போகிறவர் பெரும்பாலும் வாங்குவது நேரத்தைத்தான். பிரிட்டனில் என்எச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனையில் மூட்டு மாற்றுகிற அதே சர்ஜன், வேறொரு நாளில் தனியார் மருத்துவமனையிலும் மாற்றிக்கொண்டிருப்பார். தனி அறையும், டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, காத்திருந்தால் என்ன கெடும் என்பதுதான்.

காத்திருப்பது சில நோய்களில் உண்மையிலேயே கொடுமை. இங்கிலாந்தில் குடும்ப டாக்டர் பரிந்துரைத்த 18 வாரத்துக்குள் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது இலக்கு. 2016க்குப் பிறகு வருடக்கணக்கில் அது எட்டப்படவே இல்லை. ஆனால் அந்த வரிசை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மாரடைப்பு, விபத்து, புற்றுநோய் சந்தேகம் என்றால் தனிப் பாதை உண்டு. இவற்றுக்குத் தனியாரைத் தேடி ஓடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரிட்டனில் பல தனியார் மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவு கிடையாது, முழு வசதியுள்ள ஐசியுவும் கிடையாது. ஆபரேஷனில் பெரிய சிக்கல் வந்தால் ஆம்புலன்ஸ் அரசு மருத்துவமனைக்குத்தான் போகும்.

கைக்காசு பொருந்துவது ஆரம்பமும் முடிவும் தெரிந்த வேலைகளுக்கு: கண்புரை, குடலிறக்கம், இடுப்பு மூட்டு. இவற்றுக்கு ஒரே தொகையில் பேக்கேஜ் சொல்வார்கள். அந்தத் தொகையில் மயக்க மருந்து டாக்டர் உண்டா, முதல் ஆலோசனையும் ஸ்கேனும் சேர்த்தியா, பிசியோதெரபி எத்தனை முறை, தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து மறுபடி அட்மிட் ஆனால் யார் செலவு, எத்தனை நாள் வரை என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கீமோ, டயாலிசிஸ் மாதிரி எப்போது முடியும் என்று சொல்ல முடியாத சிகிச்சையைக் கைக்காசில் தொடங்கினால் சேமிப்பு கரைந்துவிடும்.

காத்திருப்புக்கும் கைக்காசுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான்: ஸ்பெஷலிஸ்டையும் ஸ்கேனையும் மட்டும் காசு கொடுத்து முடித்துக்கொண்டு, சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைக்குத் திரும்புவது. என்ன நோய் என்று தெரியாத வாரங்கள்தானே ஆளைத் தின்கின்றன. ஆனால் ஆபரேஷன் வரிசையில் இதனால் யாரையும் முந்த முடியாது. அரசு டாக்டரையே பார்த்திருந்தால் அந்தப் பட்டியலில் எந்த இடம் கிடைத்திருக்குமோ, அதே இடம்தான். இப்படிக் கலந்து பார்ப்பதற்கும் ஒரு காலத்தில் சிக்கல் இருந்தது. என்எச்எஸ் தராத புற்றுநோய் மருந்தைச் சொந்தக் காசில் வாங்கிய சிலருக்கு இலவச சிகிச்சையே நிறுத்தப்பட்டு, பெரிய சர்ச்சை ஆனது. 2009ல் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு இலவச உரிமை போகாது. காசு கொடுத்துப் பெறும் பகுதி தனியாக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். மூட்டு வலி வந்தபிறகு பாலிசி தேடினால் அந்த மூட்டுக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். பிரிட்டனில் பரவலான ஒரு வகை பாலிசியில், கடந்த 5 ஆண்டுகளில் இருந்த நோய்கள் முதலில் சேராது. பாலிசி தொடங்கியபின் 2 ஆண்டு அறிகுறியோ சிகிச்சையோ இல்லாமல் கழிந்தால்தான் சேரும். சர்க்கரை, ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களின் தொடர் கவனிப்பு பொதுவாக வெளியேதான். வயது கூடக் கூட பிரீமியமும் ஏறும்.

ஆஸ்திரேலியாவில் கணக்கு வேறு. அங்கே அரசே காப்பீட்டுப் பக்கம் தள்ளுகிறது: 30 வயதுக்குப் பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் மருத்துவமனைக் காப்பீட்டு பிரீமியத்தில் 2 சதவீதம் கூடும், உச்சம் 70 சதவீதம். காப்பீடு இல்லாத அதிக வருமானக்காரர்களுக்குக் கூடுதல் வரியும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஆபரேஷன் முடிந்ததும் கையிலிருந்து கட்ட ஒரு மீதித் தொகை வரலாம். கனடாவிலோ அரசுத் திட்டம் ஏற்கிற சிகிச்சைக்குத் தனியாகக் காசு கொடுக்கும் வழியே பல மாகாணங்களில் மிகக் குறுகல்.

எந்த வழியில் போனாலும் ஸ்கேன் படங்களும் டாக்டரின் கடிதமும் குடும்ப டாக்டர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அப்புறம் மாத்திரை. தனியார் டாக்டர் தொடங்கிவைத்த மருந்தை அரசுச் சீட்டில் தொடர்ந்து எழுதித்தரக் குடும்ப டாக்டர் மறுக்கலாம். மாதாமாதம் முழு விலை கொடுத்து வாங்க முடியுமா என்பதை மருந்தைத் தொடங்கும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.