சேஃபேல் யுஎஸ்-05: ஒரே ஈஸ்டைத் திரும்பத் திரும்பப் போட்ட அனுபவம்

டொரண்டோவில் சில வருடங்களாக வீட்டிலேயே பேல் ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சுகிறேன். ஈஸ்ட் எப்போதும் சேஃபேல் யுஎஸ்-05, 11.5 கிராம் பாக்கெட். பியர் முடிந்ததும் அடியில் தங்கும் வண்டலை எடுத்து வைத்து அடுத்ததற்கும் போடுவேன். எத்தனை தடவை தாங்கும் என்று பலர் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, தடவைக் கணக்கைவிட இடைப்பட்ட நாட்களில் அதை எப்படி வைத்திருந்தோம் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஈஸ்ட் செல் மொட்டு விட்டுத்தான் பெருகும்; ஒவ்வொரு மொட்டு விடும்போதும் அதன் சுவரில் ஒரு தழும்பு மிஞ்சும். ஒரு தாய் செல்லால் ஓரளவுக்கு மேல் மொட்டு விட முடியாது என்று மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் 1959இல் காட்டினார்கள். ஆனால் பிறக்கும் மகள் செல் கணக்கைப் புதிதாகத் தொடங்கும். அதனால் வண்டலில் இளசுகளுக்குப் பஞ்சமே இல்லை. சும்மா கிடக்கும்போது வருகிற முதுமைதான் நமக்குப் பிரச்சினை. உள்ளே சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைத் தின்று தீர்த்ததும் செல் சாகத் தொடங்கும்; சூடு கூடினால் சீக்கிரமே தீரும்.

ஃபிரிட்ஜில் வைத்த வண்டல் சில வாரம் ஆனாலும் இளமஞ்சளாக, ரொட்டி வாசனையோடு இருக்கும். வெளியே விட்டது பழுப்பேறி, கறிச்சாறு போல வாடை அடிக்கும். மெத்திலீன் புளூ என்ற சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செத்த செல்கள் நீலமாகத் தெரியும். உயிருள்ளவை நிறமற்று நிற்கும். நீலம் நிறைய தெரிந்தால் அந்த ஜாடியை நான் தொடுவதில்லை.

8, 9 சதவீத ஆல்கஹால் பியரில் கிடந்த வண்டலையும் எடுக்க மாட்டேன். அப்புறம் காற்று. புதுப் பாக்கெட்டில் செல் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளின் இருப்பு ஏற்கெனவே இருக்கும், கவலை இல்லை. இரண்டாம் தடவையிலிருந்து ஆறிய வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை) நன்றாகக் குலுக்கி ஆக்சிஜன் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற ஸ்டெராலை மகள் செல்கள் பங்கு போட்டுக்கொள்ளும், சவ்வு பலவீனமாகும், ஆல்கஹாலைத் தாங்காது.

நுரை கட்ட இரண்டு நாள் ஆனாலோ, வெண்ணெய் வாடை போகாமல் நின்றாலோ புதுப் பாக்கெட்டுக்கு மாறிவிடுவேன். புளிப்பு தட்டினால் அது வயதால் வந்ததல்ல, வேறு கிருமி புகுந்திருக்கிறது. யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், ஜாடியையும் கிருமிநீக்கம் செய்துவிடுங்கள்.