எக்ஸ்ரே நோயாளி பெறும் கதிர்வீச்சை எப்படிக் கணிப்பது? டிஎல்டி, டிஏபி மீட்டர், கணக்கீடு: ஓர் ஒப்பீடு

நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் மருத்துவமனையில், சாதாரண எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும் நோயாளி எவ்வளவு கதிர்வீச்சு பெறுகிறார் என்பதைக் கணிக்க நிலையான முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வழிகள் மூன்று இருந்தன: நோயாளியின் தோலில் டிஎல்டி வில்லைகளை (கதிர்வீச்சைப் பதிந்துகொண்டு, பின்னர் சூடாக்கும்போது அதை ஒளியாக வெளியிடும் சிறு வில்லைகள்) ஒட்டி அளப்பது, எக்ஸ்ரே குழாயின் வாயில் டிஏபி மீட்டரை (கதிரளவையும் பரப்பையும் சேர்த்து அளக்கும் கருவி) பொருத்துவது, இயந்திரத்தின் வெளியீட்டை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு கேவி (குழாயின் மின்னழுத்தம்), எம்ஏஎஸ் (குழாயின் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய எண்), தூரம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடுவது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்; என் சாய்வும் அந்தப் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லித்தியம் ஃபுளோரைடு வில்லை ஏறக்குறைய உடல் திசுவைப் போலவே கதிரை ஏற்பதாலும், உடலிலிருந்து திரும்பிச் சிதறும் கதிரையும் சேர்த்தே அளப்பதாலும், நேரடி அளவீடு என்ற பெருமை டிஎல்டிக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு வில்லையையும் 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டுப் பழைய பதிவை அழிக்க வேண்டும். அதற்கென்று தனித் திருத்தக் காரணியை வைத்திருக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கிப் படித்துவிட்டால் பதிவும் போய்விடும். சில நூறு நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அது பொருந்தும், அன்றாட வேலைக்குப் பொருந்தாது.

டிஏபி மீட்டர் கதிரளவையும் அது விழும் பரப்பையும் பெருக்கிக் காட்டுகிறது. தூரம் கூடக் கூடக் கதிரளவு குறையும் அதே விகிதத்தில் பரப்பு விரிவதால், எங்கே வைத்து அளந்தாலும் எண் மாறுவதில்லை. டெக்னீஷியன் தேவைக்கு மேல் பரப்பைத் திறந்து வைத்திருந்தால் அதையும் இந்த எண் காட்டிக்கொடுக்கும். கணக்கீட்டில் அது தெரியாது, இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை.

இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: படம் எடுத்து முடித்துப் பல நாட்கள் கழித்து ஒருவர் வந்து கேட்டால், எந்த முறை பதில் தரும்? இடுப்பு வலிக்காக எக்ஸ்ரே எடுத்த பெண்ணுக்குச் சில வாரங்களுக்குப் பின் கர்ப்பம் உறுதியாகிறது. அவரும் கணவரும் கலங்கிப்போய், கருவைக் கலைத்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அன்று அவர் உடலில் டிஎல்டி ஒட்டப்பட்டிருக்கவில்லை. எங்களுடையதைப் போன்ற பழைய இயந்திரத்தில் டிஏபி மீட்டரும் இல்லை. பதிவேட்டில் எழுதிய எண்கள் மட்டும் இருக்கின்றன.

அந்த எண்கள் போதும். 80 கேவியில், ஒரு மீட்டர் தூரத்தில், எங்கள் குழாய் ஒரு எம்ஏஎஸ்ஸுக்கு 0.06 மில்லிகிரே (கதிரளவின் அலகு) தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 எம்ஏஎஸ் கொடுத்திருந்தால் 3 மில்லிகிரே. குழாயிலிருந்து தோல் வரை 75 சென்டிமீட்டர் என்றால், தூரத்தின் இருமடி விதிப்படி அதை 1.78-ஆல் பெருக்க வேண்டும். உடலிலிருந்து சிதறித் திரும்பும் கதிருக்காக மேலும் 1.35-ஆல் பெருக்கினால், தோலில் ஏறக்குறைய 7.2 மில்லிகிரே கிடைக்கிறது. முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் கருப்பையை எட்டுவது அதில் நாலில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால், அது 2 மில்லிகிரேக்கும் குறைவே. 100 மில்லிகிரேக்குக் கீழ்ப்பட்ட அளவைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமில்லை என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000-இல் வெளியிட்ட 84-ஆம் வெளியீட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மகப்பேறு மருத்துவரின் மேசையில் இந்தக் கணக்கு ஒரே தாளில் இருக்கும்போது, அந்தத் தம்பதியிடம் அவர் உறுதியாகப் பேச முடிகிறது.

இதில் மிகவும் பலவீனமான கண்ணி நோயாளியின் தடிமன்; குழாயிலிருந்து தோல் வரையுள்ள தூரம் அதைப் பொறுத்தே அமைகிறது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. உயரத்தையும் எடையையும் கொண்டு பின்னர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் தடிமனை 3 சென்டிமீட்டர் தவறாக எடுத்துக்கொண்டால் தோல் அளவு ஏறக்குறைய 8% மாறும். கருப்பை அளவில் பிழை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆயினும் 2-க்கும் 100-க்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் பிழை குறைத்துவிடாது.

பராமரிப்பிலும் கணக்கீட்டுக்குப் புதுச் செலவு குறைவு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தாக வேண்டிய தரச் சோதனையின்போதே குழாயின் வெளியீட்டையும் அளந்துவிடுகிறோம். குழாயை மாற்றினால் மட்டும் அன்றே மறுபடி அளக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அதன்பின் வரும் கணக்குகள் அனைத்தும் பழைய குழாயின் கணக்குகளாகவே இருக்கும்.

ஃபுளோரோஸ்கோபிக்கு (தொடர்ந்து ஓடும் எக்ஸ்ரே காட்சிக்கு) இந்தப் பரிந்துரையை நீட்டிக்க மாட்டேன். அங்கே குழாயின் கோணமும் கேவியும் நொடிக்கு நொடி மாறுவதால் டிஏபி மீட்டரே தேவை. குழந்தைகள் விஷயத்தில் எங்கள் அனுபவம் குறைவு. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு அதிகமாகப் படம் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், பரப்பைக் கண்காணிப்பது அங்கே மிக முக்கியம் என்பதால், முதலில் டிஏபி மீட்டர் வாங்குவதையே யோசிக்கலாம். மற்ற அறைகளில், பதிவேட்டில் கேவி, எம்ஏஎஸ், தூரம் ஆகியவற்றோடு நோயாளியின் தடிமனுக்கும் ஒரு கட்டம் சேர்த்து, படுக்கவைத்த உடனே அளந்து எழுதும்படி டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.