எஸ்க்யூலைட்: தரவுத்தளம் கற்பவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தரவுத்தள மேலாண்மையின் அடிப்படைகளைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் எதை நிறுவலாம் என்று கேட்டால், பலரும் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளைத்தான் கைகாட்டுவார்கள். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் வெளியிட்ட இம்மென்பொருளுக்கு உரிமக் கட்டணமும் இல்லை, தனியாக ஓட வேண்டிய சர்வரும் இல்லை. அட்டவணைகள், தேடலை விரைவாக்கும் சுட்டிகள் (இண்டெக்ஸ்) உட்படத் தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது. கற்பதற்கான கருவி என்ற அளவில் மட்டுமே அதை இங்கே மதிப்பிடுகிறேன்.

முழுவதுமாக நிறைவேற வேண்டிய, இல்லையேல் முழுவதுமாகக் கைவிடப்பட வேண்டிய மாற்றங்களின் தொகுப்பே பரிவர்த்தனை. அதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ‘பிகின்’ கட்டளையைக் கொடுத்து, கணக்கு அட்டவணையில் ஒருவரின் இருப்பிலிருந்து 500ஐக் கழித்துவிட்டு, ‘கமிட்’ செய்யாமல் (அதாவது மாற்றத்தை உறுதிப்படுத்தாமல்) கோப்புறையைத் திறந்து பார்த்தால், தரவுத்தளக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘ஜர்னல்’ என்ற ஒட்டுடன் புதிய கோப்பு ஒன்று முளைத்திருக்கும். மாற்றத்திற்கு முந்தைய பக்கங்கள் அதில்தான் படியெடுத்து வைக்கப்படுகின்றன. இன்னொரு சாளரத்திலிருந்து அதே கணக்கை வினவினால் பழைய இருப்பே வருகிறது. முதல் சாளரத்தை அந்த நிலையிலேயே வலுக்கட்டாயமாக மூடிவிட்டாலும் பழைய இருப்பு கெடுவதில்லை. ‘கமிட்’ செய்ததும் ஜர்னல் கோப்பு மறைந்துவிடுகிறது.

தரவு வகை விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். முழு எண் என்று அறிவித்த நெடுவரிசையில் ‘பத்து’ என எழுத்தில் இட்டாலும் முணுமுணுக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறது. இதை நெகிழ்வு என்றே உருவாக்கியவர்கள் வாதிடுகிறார்கள். அனுபவசாலிக்கு அது வசதியாக இருக்கலாம், ஆனால் ஒரு நெடுவரிசைக்கு ஒரு வகை என்ற ஒழுங்கை அப்போதுதான் பழகுகிற மாணவருக்கு அது தவறான பாடம். 2021இல் வந்த 3.37 பதிப்பு முதல், அட்டவணை வரையறையின் இறுதியில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று சேர்த்தால் இத்தகைய பதிவை மறுத்துவிடுகிறது. கற்பிப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஓர் அட்டவணையின் பதிவை இன்னொன்றின் பதிவோடு இணைக்கும் அயல் சாவியின் நிலை இன்னும் மோசம். வரையறையில் அதை எழுத முடியும், ஆனால் இயல்புநிலையில் யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை. மாணவர் அட்டவணையிலேயே இல்லாத ஓர் எண்ணுக்கு மதிப்பெண் பதிவிட்டாலும் பதிவாகிவிடும். பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி விட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை இணையும்போதும் அமைப்புகளை மாற்றும் ‘பிராக்மா’ கட்டளையால் அதை இயக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுட்டியின் பயனை அறிய, வினவல் எப்படி நிறைவேறும் என்று காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன் குவரி பிளான்’ கட்டளை போதும். ‘ஸ்கேன்’ (அட்டவணை முழுவதையும் வரிசையாகப் படிப்பது) என்றிருந்தது சுட்டி உருவாக்கியபின் ‘சர்ச்’ (தேவையானதை மட்டும் தேடி எடுப்பது) என மாறுவதைக் காணலாம்.

பயனர், அனுமதி ஆகியவற்றுக்கு இதில் இடமே இல்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுதவும் முடியும். ஆகவே அந்தப் பாடங்கள் வரும்போது சர்வராக ஓடும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறிவிடுவது நல்லது. ‘ஸ்ட்ரிக்ட்’ இல்லாமலே எழுதிப் பழகியவருக்கு அந்த மாற்றத்தின்போது பிழைச் செய்திகள் வரிசைகட்டி வரும்.