பணிப்பாளர் சபையில் பெண்கள்: கோட்டாவா, ஒற்றைக் கதிரையா, விளக்கக் கடிதமா?

திருகோணமலையில் சீனக்குடாவையும் அதை அண்டிய துறைமுகக் கரையையும் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு விதமான பணிப்பாளர் சபைகளின் சொத்தைப் பார்த்துவிடலாம். டோக்கியோ சீமெந்தும் லங்கா ஐஓசியும் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. பிறிமா மாவாலை பட்டியலிடப்படாத தனியார் கம்பனி. மேல்தாங்கித் தொகுதியின் 61 எண்ணெய்த் தாங்கிகளுக்கென 2022இல் கூட்டுக் கம்பனி ஒன்று வந்தது. அதில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49 வீதம். துறைமுகமோ நியதிச் சட்ட அதிகாரசபையின் கையில்.

பணிப்பாளர் சபைகளில் பெண்கள் இருக்கவேண்டும் என்று நாளைக்கே சட்டம் வந்து, அதில் "பட்டியலிடப்பட்ட கம்பனிகள்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், இந்த நான்கு வகையில் ஒன்றைத்தான் அது தொடும். எத்தனை வீதம் என்ற சண்டைக்கு முன் யாருக்கு என்ற கேள்வி வருவது இதனால்தான்.

அரசு கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் உலகத்தில் நடைமுறையிலுள்ள மூன்று வழிகளும் ஒரே தரத்தவை அல்ல. அவற்றில் ஒன்று, சட்டமே இல்லாத நிலையைவிடக் கொஞ்சம்தான் மேல்.

வீதம் குறித்த கட்டாயக் கோட்டா

சபைகளில் ஒவ்வொரு பாலாருக்கும் குறைந்தது 40 வீதம் என்ற சட்டத்தை நோர்வே 2003இல் நிறைவேற்றியது. முதலில் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு, 2004இலிருந்து. தனியாருக்குச் சொந்தமான, பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடிய பொதுக் கம்பனிகளுக்கு 2005 நடுப்பகுதிவரை அவகாசம். அதற்குள் தாமாகவே இலக்கை எட்டினால் கட்டாயம் நடைமுறைக்கு வராது என்று சொல்லியிருந்தார்கள். எட்டவில்லை. 2006 ஜனவரியில் கட்டாயமாக்கி, இரண்டு வருடக் கெடுவும் வைத்தார்கள். 2002 அளவில் சுமார் 6 வீதமாக இருந்த பெண்களின் பங்கு 2008இல் 40 வீதத்தைத் தொட்டது.

அந்தச் சட்டத்தின் அழகு அதன் அளவுகோலில் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் உள்ள சபையில் இருபாலாரும் இருக்கவேண்டும். நான்கு ஐந்து பேர் என்றால் ஒவ்வொரு பாலிலும் குறைந்தது இருவர், ஆறிலிருந்து எட்டுவரை மூவர், ஒன்பது என்றால் நால்வர். அதற்கு மேல்தான் 40 வீதக் கணக்கு. ஐந்து பேர் கொண்ட சபையில் 25 வீதம் என்றால் 1.25 ஆள், கீழே முழுமைப்படுத்தினால் ஒருவர், மேலே என்றால் இருவர். இலங்கையில் பட்டியலிட்ட கம்பனிக்குக் குறைந்தபட்சம் ஐந்து பணிப்பாளர்கள் என்பது விதி. சிறிய சபைகளுக்கு இந்த முழுமைப்படுத்தலே முழுச் சட்டம். சட்டம் எழுதுபவர் வீதத்தை விட்டுவிட்டு ஆள் எண்ணிக்கையை எழுதவேண்டும்.

தண்டனை இரண்டாவது முடிச்சு. நோர்வேயில் கடைசி ஆயுதம் நீதிமன்றம் மூலம் கம்பனியைக் கலைப்பது. ஒரு கம்பனிகூடக் கலைக்கப்படவில்லை. பயமே வேலையைச் செய்தது. ஸ்பெயினும் 2007இல் அதே 40 வீதத்தை, 2015 கெடுவோடு எழுதியது. தண்டனை எதுவும் வைக்கவில்லை. கெடு முடிந்தபோது ஏறத்தாழப் பாதி வழியில்தான் நின்றது. பிரான்ஸ் 2011 சட்டத்தில் விதிக்கு மாறான நியமனம் செல்லாது என்றும், சபைக் கூட்டப் படி நிறுத்தப்படும் என்றும் வைத்தது. ஜேர்மனி 2016இலிருந்து நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைச் சபைகளுக்கு 30 வீதம் வைத்து, பெண்ணைத் தெரிவுசெய்யாவிட்டால் அந்தக் கதிரை வெறுமையாகவே கிடக்கும் என்றது.

இந்த வெறுங்கதிரை முறை பார்க்க எளிமையானது. வழக்கு வேண்டாம், அபராதம் அறவிட ஆள் வேண்டாம். ஆனால் அதை அப்படியே இங்கே இறக்கினால் வேலை செய்யாது. ஜேர்மனியின் பெரிய கம்பனிகளில் சபையின் ஒரு பகுதி தொழிலாளர் பிரதிநிதிகள். பங்குதாரர் பக்கக் கதிரை வெறுமையானால் முதலாளி தரப்புக்கு ஒரு வாக்குப் போய்விடும், அங்கேதான் வலிக்கும். இங்கே தொழிலாளர் பக்கம் என்று ஒன்று இல்லை. பெரும்பாலான கம்பனிகளில் ஒரு குடும்பமோ தாய்க் கம்பனியோ பெரும்பான்மைப் பங்கை வைத்திருக்கிறது. ஒரு கதிரை காலியாகக் கிடந்தால் மிச்சப் பேரும் அவர்களுடைய ஆட்கள்தானே. ஆகவே வெறுங்கதிரையோடு, பிரான்சில் உள்ளதுபோலக் கூட்டப் படியை நிறுத்துவதையும் சேர்த்தே இலங்கைக்கு எழுதவேண்டும். பணிப்பாளர் ஒவ்வொருவரின் கையிலும் அது சுடும்.

தப்பும் வழிகளும் உண்டு. நோர்வேயில் சில கம்பனிகள் சட்டம் தொடாத தனியார் வடிவத்துக்கு மாறிக்கொண்டன. பெரிய தனியார் கம்பனிகளையும் படிப்படியாக உள்ளே கொண்டுவரும் சட்டத்தைப் பின்னால் அந்த நாடு இயற்ற வேண்டியிருந்தது. இன்னொரு வழி சபையைப் பெருப்பிப்பது. ஒன்பது ஆண்கள் இருக்கும் சபையில் ஒருவரையும் எழுப்பாமல் நான்கு பெண்களைச் சேர்த்தால் பதின்மூன்றில் நால்வர், 31 வீதம்; 30 வீத விதி நிறைவேறிவிடும். வாக்கெடுப்பில் ஒன்பது பேரும் ஒன்பது பேராகவே இருப்பார்கள்.

ஒருவராவது இருக்கட்டும்: இந்திய முறை

இந்தியக் கம்பனிகள் சட்டம் 2013, பட்டியலிட்ட கம்பனிகளுக்கும், செலுத்திய மூலதனம் 100 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 300 கோடி ரூபாய் உள்ள பொதுக் கம்பனிகளுக்கும் குறைந்தது ஒரு பெண் பணிப்பாளர் வேண்டும் என்றது. 2015 ஏப்ரல் கெடுவைத் தவறவிட்டு ஜூன் முடிவதற்குள் நியமித்த கம்பனிக்கு அபராதம் 50,000 ரூபாய். பெரிய கம்பனிக்கு அது ஒரு கூட்டத்தின் தேநீர்ச் செலவு.

நடந்தது எவரும் எதிர்பார்த்திருக்கக்கூடியதே. மனைவி, மகள், தங்கை என்று உரிமையாளர் வீட்டுப் பெண்களின் பெயர்கள் பல கம்பனிகளில் ஏறின. அந்தப் பெண்களில் திறமையானவர்கள் இல்லையென்று சொல்லவில்லை; ஆனால் சபையில் புதிய கண் என்ற நோக்கம் அங்கே நிறைவேறாது. அதனால் இந்தியப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி இரண்டாம் முறை விதி எழுதியது: 2019 ஏப்ரலிலிருந்து சந்தைப் பெறுமதியில் முதல் 500 கம்பனிகளிலும், 2020 ஏப்ரலிலிருந்து முதல் 1000 கம்பனிகளிலும் அந்த ஒரு பெண், உரிமையாளரோடும் நிர்வாகத்தோடும் தொடர்பற்ற சுயாதீனப் பணிப்பாளராகவும் இருக்கவேண்டும். தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய். இந்திய அரசின் எண்ணெய்க் கம்பனிகள் சிலவே இந்த அபராதத்துக்கு உள்ளாயின. அங்கே பணிப்பாளரை நியமிப்பது அமைச்சு. அபராதம் கட்டுவது கம்பனி. நியமிக்கும் கைக்கு வலிக்காத தண்டனை யாரையும் திருத்தாது.

மூன்று வழிகளிலும் இதுவே மெலிந்தது. தனியாக இருக்கும் பெண் மறுத்துப் பேசினால் அது "பெண்ணின் கருத்து" ஆகிவிடுகிறது. வழிமொழிய ஆள் இல்லை. மூவர் இருக்கும்போதுதான் பேச்சு பால் பார்க்காமல் பொருளுக்குத் திரும்புகிறது என்பது இத்துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அவதானிப்பு. அதோடு, ஒருவர் வந்ததும் கடமை முடிந்தது என்று கதவு சாத்தப்படுகிறது. குறைந்தபட்சம் என்று எழுதியது உச்சவரம்பாக மாறிவிடும்.

செய், இல்லையேல் விளக்கம் சொல்: பிரித்தானிய முறை

2011இல் லண்டன் பங்குச் சந்தையின் மிகப்பெரிய 100 கம்பனிகளின் சபைகளில் பெண்கள் 12.5 வீதம். சட்டம் இல்லாமலே 2015க்குள் 25 வீதம் என்று இலக்கு வைத்தார்கள், எட்டினார்கள். பிறகு 33, அதன் பின் 40. கோட்டாவை எதிர்ப்பவர்கள் எல்லோரும் காட்டும் உதாரணம் இது. நியாயமான உதாரணமும்தான்.

ஆனால் அங்கே அது ஏன் வேலை செய்தது என்று பார்க்கவேண்டும். பங்குகள் பரந்து கிடக்கின்றன. ஓய்வூதிய நிதிகள் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தலைவருக்கு எதிராக வாக்களிக்கும். ஆண்டுதோறும் பெயரோடு பட்டியல் வெளிவரும். தாமாகச் செய்யாவிட்டால் ஐரோப்பியச் சட்டம் வரும் என்ற அச்சமும் அப்போது இருந்தது. நெதர்லாந்து இதே மென்முறையை 2013இலிருந்து 30 வீத இலக்கோடு முயன்று, கெடுவை நீட்டி, கடைசியில் 2022இல் கட்டாயத்துக்கு வந்தது. இலங்கையில் பெரும்பான்மைப் பங்கு ஒரே கையில் இருக்கும்போது விளக்கக் கடிதத்தை எழுதுபவரும் ஏற்றுக்கொள்பவரும் ஒருவரே. "பொருத்தமானவரைத் தேடுகிறோம்" என்ற வசனத்தை ஒவ்வொரு வருடமும் பிரதி எடுத்து ஒட்டலாம்.

இலாபம் என்ற வாதம்

பெண்கள் வந்தால் இலாபம் கூடும் என்று கோட்டாவை ஆதரிப்பவர்களும், குறையும் என்று எதிர்ப்பவர்களும் ஆய்வு காட்டுவார்கள். நோர்வே பற்றி 2012இல் வந்த ஆய்வு, கம்பனிகளின் சந்தைப் பெறுமதி விழுந்தது என்றது. அதே தரவைப் பின்னர் வேறு முறையில் பார்த்தவர்கள் அப்படியொரு வீழ்ச்சி நிறுவப்படவில்லை என்றார்கள். 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு நேர்மையான படம் தருகிறது: கோட்டாவுக்குப் பின் வந்த பெண்கள் முன்பிருந்தவர்களைவிடத் தகுதி கூடியவர்கள், ஆனால் சபைக்குக் கீழே வேலைசெய்யும் பெண்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை இறங்கவில்லை. இலாபத்தை நம்பி இந்தச் சட்டத்தைக் கேட்கக்கூடாது. முடிவெடுக்கும் மேசை பாதிச் சனத்துக்குப் பூட்டியிருக்கக்கூடாது என்பதே போதுமான காரணம்.

இங்கே சட்டம் நிற்குமா

கலிபோர்னியா 2018இல் கோட்டாச் சட்டம் இயற்றியது. 2022 மே மாதம் சமத்துவத்துக்கு முரண் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இலங்கையில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 12(4) உறுப்புரை பெண்களின் முன்னேற்றத்துக்குச் சட்டம், துணைச்சட்டம், நிர்வாக நடவடிக்கை மூலம் சிறப்பு ஏற்பாடு செய்ய வெளிப்படையாக இடம் தருகிறது. 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், பணிப்பாளரின் பாலைப் பற்றிப் பேசுவதில்லை. அதைத் திருத்துவது ஒரு வழி.

கோட்டா இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்களுக்கு என்ற விதி 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் 2 வீதமளவில் கிடந்த பங்கு 20 வீதத்தைத் தாண்டியது. ஆனால் பல சபைகள் 25ஐத் தொடவில்லை. 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினரும் பெற்ற கட்சிக்கு விலக்கு இருந்தது; சிறு கட்சிகளாகச் சிதறிய சபைகளில் அந்த ஓட்டையாலேயே கதிரைகள் ஒழுகிப்போயின. கம்பனிச் சட்டம் எழுதுபவர்கள் விலக்குப் பந்தியைக் கடைசியாக அல்ல, முதலில் வாசிக்கவேண்டும்.

எப்படிச் செய்வது

ஒன்பது பேர் சபை, வருடம் மூவர் சுழற்சியில் ஓய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்திலிருந்து நால்வருக்கு மூன்று பொதுக்கூட்டங்களில் ஒன்று, ஒன்று, இரண்டு என்று போகலாம். ஒரே வருடக் கெடு வைத்தால் தெரிந்த பெயர்களே ஓடிவரும். பட்டியலிட்ட கம்பனிகளில் ஒன்பது வருடம் கடந்தவர் சுயாதீனப் பணிப்பாளராகக் கணக்கில் வரமாட்டார் என்ற விதி ஏற்கெனவே கதிரைகளைத் திறக்கிறது. கம்பனிச் செயலாளர் இன்றே செய்யக்கூடியது, அந்தத் திகதிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்துவது. பிறகு ஆளுக்கு முன் தேவையை எழுதவேண்டும்: கணக்காய்வுக் குழுவுக்குக் கணக்காளரா, துறைமுகச் சட்டம் தெரிந்தவரா, பொறியியலாளரா. பெயரை முதலில் எழுதினால் தேவை அந்தப் பெயருக்கு ஏற்பத் தைக்கப்படும். நியமனத்துக்கு ஒப்புதல் படிவம், பின் 20 வேலை நாட்களுக்குள் கம்பனிப் பதிவாளருக்கு மாற்ற அறிவித்தல்.

அரசுச் சபைகளுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. அதிகாரசபைகளுக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் அமைச்சர் நியமிக்கும் கதிரைகளில் 12(4)இன் கீழ் நிர்வாகப் பணிப்புரையாலேயே தொடங்கலாம். நோர்வேயும் அங்கிருந்துதான் தொடங்கியது.

இவை எதுவும் திருகோணமலைப் பெண்ணைத் தானாக மேசைக்குக் கொண்டுவராது என்பதையும் சொல்லவேண்டும். கொழும்பில் கூடும் சபைக்குக் கொழும்புப் பெண்களே போவார்கள். இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர்; காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவே றெயில் ஏறவேண்டும். முழு அனுபவம் கிடைக்கக்கூடிய இடம் இங்கேயே உள்ள பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பணிப்பாளர் சபைகள். கணக்கறிக்கை தமிழில், கூட்டம் ஊரில், தெரிவு அங்கத்தவர் கையில். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் பொருளாளராக வருடக்கணக்கில் சேமிப்பும் கடனும் எழுதிய பெண்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள். சங்கத்தின் துணைவிதியைப் பொதுச்சபையில் திருத்தி, ஒன்பதில் நால்வர் என்று எழுதி, கூட்டுறவுப் பதிவாளரின் அங்கீகாரத்துக்கு அனுப்பலாம். அதே திருத்தத்தில் கூட்ட நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும்படி குறித்து, போக்குவரத்துப் படியையும் சேர்த்துவிடவேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்கு மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு பெண் எப்படி வந்து திரும்புவார்?