கொசுப்புழு ஒட்டுண்ணிகளைக் காண ஒரு ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி: ஒரு மதிப்பீடு

மூன்று கண்குழல்களும், 10, 40, 100 மடங்கு ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (நிறமற்ற, ஒளி ஊடுருவும் பொருளைச் சாயமேற்றாமலேயே வேறுபடுத்திக் காட்டும் முறை; சுருக்கமாக ஃபேஸ்) பொருளருகு வில்லைகளும், ஒரு சிறு கேமராவும் சேர்ந்து வரும் நடுத்தர வகை நுண்ணோக்கி ஒன்றைக் கொசுப்புழுக்களில் வாழும் ஒட்டுண்ணிகளை அடையாளம் காணும் வேலைக்கென்றே பயன்படுத்தி வருகிறேன். இவ்வகைக் கருவிகள் பல பெயர்களில், ஏறத்தாழ ஒரே உறுப்புகளுடன் விற்கப்படுவதால், பெட்டிக்குள் இருப்பவற்றுள் எது இந்த வேலைக்கு உதவும், எது விலையை மட்டும் ஏற்றும் என்று சொல்வதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும். 40 மடங்கு வில்லை ஒன்றுக்காகவே இதை வாங்கலாம் என்பது என் கருத்து. கேமராவுடன் வந்த மென்பொருளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

நோயுற்ற புழுவைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத்தில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. கறுப்புப் பின்னணியில் ஒரு தட்டில் நீருடன் புழுக்களை விட்டு, குறைந்த பெருக்கமுள்ள ஸ்டீரியோ நுண்ணோக்கியிலோ நல்ல கைவில்லையிலோ பார்த்தாலே, உடற்கண்டங்களில் பால்போன்ற வெண்மை படர்ந்தவை, செம்பழுப்பு நிறம் ஏறியவை, மார்புப் பகுதிக்குள் சுருண்ட நூற்புழு தெரிபவை எனப் பிரித்துவிடலாம். ரோமானோமெர்மிஸ் போன்ற நூற்புழுக்களை இந்த நிலையிலேயே அறியலாம். வெண்மை படர்ந்த புழுக்களுக்குத்தான் பெரிய கருவி தேவைப்படுகிறது.

அந்த வெண்மைக்குப் பெரும்பாலும் காரணம், கொழுப்புத் திசுவில் பெருகிய மைக்ரோஸ்போரிடியா என்னும் ஒட்டுண்ணிகளின் ஸ்போர்கள். ஆனால் நலமான புழுவின் கொழுப்புத் திசுவும் நசுக்கினால் எண்ணற்ற துளிகளாகவே சிதறும் என்பதால், சாதாரண ஒளிப்புலத்தில் இரண்டும் பளபளக்கும் மணிகளாகத் தெரிந்து, புதிதாகப் பார்ப்பவரைக் குழப்பிவிடும். கொழுப்புத் துளிகள் முழு வட்டமாகவும் அளவில் ஒன்றுக்கொன்று மாறுபட்டும் இருக்கும். ஸ்போர்களோ முட்டை வடிவிலோ பேரிக்காய் வடிவிலோ, ஒரே அச்சில் வார்த்தவை போல, சில மைக்ரோமீட்டர் நீளத்தில் அமைந்திருக்கும். இந்த வேறுபாட்டை ஐயமின்றிக் காட்டுவதில்தான் 40 மடங்கு ஃபேஸ் வில்லை தன் விலையை ஈடுசெய்கிறது. அதன் எண்துளை (வில்லை எவ்வளவு ஒளியைச் சேகரிக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.65 என்பதால், பச்சை ஒளியில் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர், ஸ்போரின் வடிவத்தை அறிய அது போதும். அதைவிட முக்கியமாக, முழுமையான ஸ்போர் ஃபேஸ் காட்சியில் ஒளிர்ந்தும், உள்ளிருக்கும் துருவக் குழலை வெளியே எறிந்து முளைத்துவிட்ட ஸ்போர் மங்கிக் கருத்தும் தெரிவதால், மாதிரியில் உயிர்ப்புள்ளவை எத்தனை பங்கு என்பதைச் சாயமேற்றாமலேயே மதிப்பிட முடிகிறது. ஆம்பிளியோஸ்போரா இனத்தில் எட்டு ஸ்போர்கள் ஒரே மெல்லிய உறைக்குள் அடங்கியிருப்பது இந்த வில்லையில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அந்த எட்டின் கூட்டத்தைக் கண்டால், அதே நீரில் உள்ள கோப்பிபோட் எனும் நுண்ணிய ஓட்டுடலிகளையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அந்த ஸ்போர்கள் வேறு கொசுப்புழுவை நேரடியாகத் தொற்றுவதில்லை, இடையில் கோப்பிபோட் தேவை.

இந்தத் தெளிவு தானாகக் கிடைப்பதில்லை. ஒளிக்குவிப்பியில் உள்ள ஒளிவளையமும் வில்லைக்குள் உள்ள ஃபேஸ் வளையமும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் 1953இல் டச்சு இயற்பியலாளர் சர்னிகேக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த இந்த முறை வேலை செய்யும். அதைச் சரிபார்க்கும் மையத் தொலைநோக்கி பெட்டியிலேயே இருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் ஒளிக்குவிப்பியின் திருகுகள் தளர்வாக இருப்பதால், வில்லையை மாற்றும்போதெல்லாம் வளையத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. தடித்த மாதிரியில் ஒளிவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எதுவும் புரியாது. எனவே முழுப்புழுவை ஸ்லைடில் வைத்துவிட்டுக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. வெண்மையான ஒரு கண்டத்திலிருந்து சிறிதளவு திசுவை மட்டும் எடுத்து, ஒரு துளி நீரில் மெலிதாக நசுக்க வேண்டும். ஸ்போர்கள் மிதந்து அலைவதால் படம் எடுக்க முடியாவிட்டால், ஸ்லைடில் முன்கூட்டியே மெல்லிய அகர் படலம் பூசிக்கொண்டால் அவை ஓரிடத்தில் நிலைத்துவிடும்.

எல்லா ஒட்டுண்ணிக்கும் ஃபேஸ் ஏற்றதன்று. செம்பழுப்பு நிறப் புழுக்களின் உடற்குழியை நிரப்பியிருக்கும் சீலோமோமைசஸ் என்னும் பூஞ்சையின் தடித்த சுவருள்ள ஸ்போர்ப் பைகள் பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. அவற்றின் சுவரில் உள்ள குழிகளும் வரிகளும்தான் சிற்றினத்தைப் பிரிக்க உதவுகின்றன. ஃபேஸ் காட்சியில் தோன்றும் ஒளிவட்டம் அந்த நுட்பங்களையே மறைத்துவிடுகிறது. வளையத்தை விலக்கி, சாதாரண ஒளிப்புலத்துக்கு மாறினால் இந்தக் கருவியில் அவை அழகாகத் தெரிகின்றன. அந்த மாற்றம் ஒரு திருப்பில் முடிவது நல்ல வடிவமைப்பு. 1921இல் கெய்லின் இந்தப் பூஞ்சையை ஒரு கொசுப்புழுவில் முதன்முதலாக விவரித்தபோது ஃபேஸ் முறையே கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

நகரும் உயிர்களைப் பார்க்கும்போது எல்.இ.டி. விளக்கின் அருமை தெரியும். ஹாலஜன் விளக்கைப் போல மாதிரியைச் சூடாக்காததால், உடற்குழியில் நீந்தும் லாம்போர்நெல்லா போன்ற குற்றிழை உயிரிகளையும், குடலில் வழுக்கிச் செல்லும் ஆஸ்கோகிரகாரினா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியையும் அவசரமின்றிக் கவனிக்க முடிகிறது. பின்னது ஏடிஸ் கொசுவில் வாழ்வது; 1898இல் ரொனால்டு ராஸ் விவரித்த அதே உயிரி. புழுவின் மேற்தோலில் காம்புடன் ஒட்டிக்கொண்டு, தொட்டால் சுருங்கும் வோர்டிசெல்லாவை ஒட்டுண்ணி என்று பதிவுசெய்பவர்கள் பலர். அது புழுவை உண்பதில்லை, மேலே குடியிருப்பதோடு சரி. 10 மடங்கு வில்லையிலேயே அந்தக் காம்பு தெரிந்துவிடும்.

100 மடங்கு எண்ணெய் வில்லையைப் பற்றிக் குறைவாகவே சொல்ல முடியும். எண்துளை 1.25 என்பதால் கணக்குப்படி 0.27 மைக்ரோமீட்டர் வரை பிரிக்க வேண்டும். சாதாரண ஒளிப்புலத்தில், ஜீம்சா சாயமேற்றிய பூச்சுகளில், உட்கருக்களின் எண்ணிக்கையைப் பார்க்க அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அதற்கு ஃபேஸ் வளையம் தேவையில்லை. ஃபேஸில் பார்க்கும்போது விளிம்புப் பகுதி மங்கிப்போவதால், கொசுப்புழுக்களைக் கொல்லப் பயன்படும் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் பாக்டீரியாவின் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள புரதப் படிகங்களைக் காட்சிப்புலத்தின் நடுவில் கொண்டுவந்தால்தான் நம்பிப் பார்க்கலாம்.

கேமராவின் படத்தரம் போதுமானது. மென்பொருள் திரையில் காட்டும் அளவுகோல்தான் ஏமாற்றம். நிறுவியவுடன் வரும் அளவை, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த அளவு ஸ்லைடோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. ஸ்போர் நீளத்தில் ஒரு மைக்ரோமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ வேறு இனத்தின் பெயரை எழுதிவிட நேரும் இந்த வேலையில் இது சிறு பிழையன்று. ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே அளவைத் திருத்திச் சேமித்த பிறகு மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்த வசதி மூன்றாம் அடுக்குப் பட்டியலில் ஒளிந்திருப்பதும், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும் மன்னிக்க முடியாதவை. அளவு ஸ்லைடும் பெட்டியில் கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.

விளம்பரத்தில் இந்தக் கருவி சிற்றினம் வரை அடையாளம் காட்டும் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மைக்ரோஸ்போரிடியாவில் ஒளி நுண்ணோக்கி பெரும்பாலும் இனக்குழு வரைதான் கொண்டுசெல்லும். துருவக் குழலின் சுற்றுகளை எண்ண எலக்ட்ரான் நுண்ணோக்கியும், உறவுமுறையை உறுதிசெய்ய டி.என்.ஏ. வரிசையும் வேண்டும். அதற்காக அனுப்பத்தக்க புழு எது, வெறும் கொழுப்பு மிகுந்த நலமான புழு எது என்று பிரித்துத் தருவதை இந்தக் கருவி நம்பகமாகச் செய்கிறது. உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க விற்பவர் இடம்கொடுத்தால், 40 மடங்கு ஃபேஸ் வில்லை, மையத் தொலைநோக்கி, பச்சை வடிப்பான் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, 100 மடங்கில் ஃபேஸ் இல்லாத சாதாரண வில்லையைக் கேளுங்கள். மிச்சமாகும் பணம் அளவு ஸ்லைடுக்கு ஆகும்.