சிகரெட்டை நிறுத்திய மாத்திரையும் என் வயிறும்

கூட வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "சார், நீங்க சாப்பிட்டீங்களே வெரனிக்ளின், அது மூளையைக் கலக்கிடுமாமே? தற்கொலை எண்ணம்லாம் வருமாம், எங்க அண்ணன் சொல்றார்." சிகரெட்டை விட நினைக்கிற எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். குமட்டலைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று புகார்கள் சேர, 2009இல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்தின் தகவல் தாளில் கறுப்புக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையைப் போட வைத்தது. அப்புறம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 'ஈகிள்ஸ்' என்ற ஆய்வு நடந்து, 2016இல் முடிவு வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே மனநலச் சிக்கல் உண்டு. நிகோடின் பேட்ச் ஒட்டியவர்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆகியோரைவிட வெரனிக்ளின் சாப்பிட்டவர்களுக்குக் மனநலத் தொல்லை குறிப்பிடும்படி அதிகம் இல்லை. மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கு மட்டும், எந்தப் பிரிவில் இருந்தாலும், தொல்லை கூடுதலாகவே இருந்தது. அந்த டிசம்பரிலேயே கறுப்புக் கட்டம் போனது. ஆய்வுக்குப் பணம் போட்டவை மருந்து கம்பெனிகள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நடத்தச் சொன்னது எஃப்டிஏ.

என் மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. எரிச்சல் இருந்தது. நிகோடின் நின்றாலே எரிச்சல் வரும் என்றார் டாக்டர். அது பிறவிக் குணம் என்றார்கள் வீட்டில். கனவுகள் மட்டும் கலர் கலராக வந்தன. இரவு மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றியதும் அதுவும் குறைந்தது.

குமட்டல்தான் போகவே இல்லை. முதல் மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து ஒரு மில்லிகிராம் இரு வேளை, மொத்தம் 12 வாரம். ஏற்றிய நாளிலிருந்து வயிறு என் வசத்தில் இல்லை. பத்தில் மூன்று பேருக்கு இப்படி ஆகுமாம். காலை நேரத் தாம்பரம் – பீச் வண்டியில், யாரோ தலையில் வைத்த மல்லிகையும் யாருடைய பையிலோ இருந்த சாம்பாரும் சேர்ந்து வர, கிண்டியில் இறங்கிப் பிளாட்பாரத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடு என்பார்கள். சரி, எவ்வளவு சாப்பிட்டு? இரண்டு இட்லி இதற்குப் பத்தாது. பொங்கல் சாப்பிட்டால்தான் கொஞ்சம் அடங்கும். இதை எந்த அட்டையிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

தூக்கம் வராததற்கும் மாத்திரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் காபியாம். சிகரெட் புகையில் உள்ள தார், கல்லீரலில் காஃபினை வேகமாகச் சிதைக்க வைக்கிறது. புகை நின்றால் அதே டிகாக்‌ஷன் உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். காபியைப் பாதியாக்கியதும் தூங்கினேன். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதை. சிகரெட்டை விடும்போது அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அது செய்த நல்லதையும் சொல்லாவிட்டால் பாவம். மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்கிறது. அரைகுறையாகத் தூண்டிவிட்டு, நிகோடினை அண்ட விடாது. முதல் வாரம் புகைக்கலாம் என்று அனுமதி உண்டு. வழக்கமான டீக்கடையில் ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன், பழைய பேப்பரைக் கொளுத்தியது போல் இருந்தது. பாதியில் போட்டுவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

2021இல் நைட்ரோசமைன் என்ற, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய மாசு கூடுதல் என்று இந்த மாத்திரையை அதன் கம்பெனி ஃபைசர் திரும்பப் பெற்றது. உடனடி ஆபத்து இல்லை என்றது எஃப்டிஏ. புகையையே நெஞ்சு நிறைய இழுத்தவன் இதற்குப் பயப்படுவதா என்று எனக்குத் தோன்றியது.

பாதுகாப்பானதா? ஆமாம். மறுபடி விழுங்குவேனா? சத்தியமாக மாட்டேன், கிண்டி பிளாட்பாரம் இன்னும் மறக்கவில்லை. நண்பரிடம் சொன்னது இதுதான்: டாக்டரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கிட்னிக் கோளாறு, எப்போதாவது வந்த வலிப்பு, மனநலச் சிகிச்சை, எதையும் மறைக்காதீர்கள். மாத்திரை நாட்களில் குடித்தால் போதை எக்கச்சக்கமாக ஏறலாம், அது வேண்டாம். உங்கள் மனநிலை, நடத்தை மாறுகிற மாதிரி இருக்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் நிறுத்திவிட்டு அன்றைக்கே போன் பண்ணுங்கள். குமட்டல் தாங்கவில்லை என்றால் அளவைக் குறைப்பார்கள், வாய்விட்டுக் கேளுங்கள்.