அசோகாவா, சந்திரகலாவா, மைசூர்பாகா: ஒரு நெய்க்கணக்கு

திருவையாற்றுக்குப் போனால் அசோகா என்கிற பாசிப்பருப்பு அல்வா, தஞ்சாவூர் என்றால் கோவா பூரணம் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்த சந்திரகலா. மைசூர்பாகு கர்நாடகத்துப் பண்டம் என்றாலும், அது இல்லாத தீபாவளியை டெல்டாவில் பார்க்க முடியாது. காவிரியே அந்தப் பக்கமிருந்துதானே வருகிறது! மூன்றுமே நெய்யிலும் சர்க்கரையிலும் கஞ்சம் பார்க்காதவை. இருந்தாலும் பந்தியில் அசோகாவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. "பாசிப்பருப்புதானே, சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது" என்று சொல்லியே இரண்டாவது கரண்டியை வைத்துவிடுவார்கள். இந்தச் சலுகை நியாயம்தானா?

வீட்டில் போடுகிற அளவிலேயே பார்க்கலாம். பாசிப்பருப்பு 200 கிராம், கோதுமை மாவு 40, சர்க்கரை 400, நெய் 200. பருப்பில் சுமார் 700 கலோரி, மாவில் 140, சர்க்கரையில் 1600, நெய்யில் 1800. மொத்தம் 4200க்கு மேல். இதில் பருப்பும் மாவும் சேர்ந்து கொடுப்பது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி முழுக்கச் சர்க்கரையும் நெய்யும்.

ஆனால் பருப்பு குழைய வெந்து, குடித்த தண்ணீரில் ஒரு பகுதியைக் கடைசிவரை விடாமல் வைத்துக்கொள்கிறது. அதனால் இறக்கும்போது வாணலியில் 1100 முதல் 1200 கிராம் வரை இருக்கும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 370 கலோரி. இலையில் விழும் 50 கிராமில் 185 கலோரி, 17 கிராம் சர்க்கரை, 9 கிராம் நெய், 2 கிராமுக்குச் சற்று அதிகமாகப் புரதம்.

மைசூர்பாகில் தண்ணீருக்கு வேலையே இல்லை. பாகில் இருந்த கொஞ்ச நஞ்ச ஈரமும், காய்ந்த நெய்யை ஊற்ற ஊற்ற நுரைத்து ஆவியாகிவிடும். வெட்டிய துண்டின் நடுவில் தேன்கூடு போலத் தெரியும் ஓட்டைகள் அந்த ஆவி போன வழிகள். கடலை மாவு ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு என்று எடுத்துக்கொண்டால், தட்டைச் சாய்த்து நெய்யைக் கொஞ்சம் வடித்த பிறகும் 100 கிராமுக்கு 550 கலோரியை ஒட்டி நிற்கிறது. புரதம் 4 முதல் 5 கிராம். அசோகாவுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. கடலை மாவும் பருப்பு இனம்தானே. அதற்கு மட்டும் ஏன் யாரும் நற்சான்று கொடுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

சந்திரகலாவுக்குக் கணக்குப் போடுவது சிரமம். மைதா மேல்மாவு எவ்வளவு நெய்யைக் குடிக்கும் என்பது அடுப்பின் சூட்டைப் பொறுத்தது. பாகு எவ்வளவு ஏறும் என்பது ஊறும் நேரத்தைப் பொறுத்தது. தோராயமாக, 45 கிராம் எடையுள்ள ஒன்றில் 15 கிராம் மைதா, 12 கிராம் கோவா, அதே அளவு சர்க்கரை, 5 கிராம் நெய் என்று வைத்தால் 200 கலோரி வருகிறது. கோவா இருப்பதால் சுண்ணாம்புச் சத்து மற்ற இரண்டையும்விடக் கூடுதல். அதற்காகக் கொண்டாட வேண்டியதில்லை. அந்த 12 கிராம் கோவா, காய்ச்சுவதற்கு முன் 60 மில்லி பால். அரைத் தம்ளருக்கும் குறைவு.

இப்போது ஒரு வேளைக்கு உண்ணும் அளவில் பாருங்கள். அசோகா ஒரு கரண்டி 185, மைசூர்பாகு 35 கிராம் துண்டு 190, சந்திரகலா ஒன்று 200. 100 கிராமுக்குப் பார்த்தபோது மலைக்கும் மடுவுக்கும் இருந்த வித்தியாசம் இலையில் காணாமல் போய்விடுகிறது.

முதல் கரண்டிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சந்திரகலா ஒன்று தின்றால் திகட்டும். ஓரத்து மடிப்பைக் கடித்து, பூரணத்தை முடிப்பதற்குள் பாகு விரலெல்லாம் ஒட்டியிருக்கும். மைசூர்பாகைத் துண்டாக எண்ணலாம். அசோகாவுக்கு எண்ணிக்கை கிடையாது. சுடச்சுட, மெல்லவும் வேண்டாமல் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். எடைக்கு எடை கலோரி குறைந்த இனிப்பு இதுதான். அளவு மீறிச் சாப்பிட வைப்பதும் இதுதான்.

புரத வாதத்தையும் முடித்துவிடுவோம். புரதத்தின் ஓர் அங்கமான லைசின் என்ற அமினோ அமிலம் பாசிப்பருப்பில் அதிகம், கோதுமையில் குறைவு. இரண்டையும் சேர்த்தது நல்ல சேர்க்கை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அசோகாவிலிருந்து 10 கிராம் புரதம் வேண்டுமானால் 200 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும். கூடவே 75 கிராம் சர்க்கரையும் 800 கலோரியும் உள்ளே போகும். அதே 10 கிராம், 40 கிராம் பாசிப்பருப்பை வேகவைத்துச் சோற்றில் பிசைந்தாலே கிடைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பின்படி, நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கரண்டி அசோகாவும், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டிகிரி காபியும் அந்த 25ஐத் தாண்டிவிடும்.

நாட்டுச் சர்க்கரையில் செய்தாலும் கலோரி ஏறக்குறைய அதேதான். நிறமும் வாசனையும் மாறும். நெய்யில் பாதிக்கு எண்ணெய் சேர்ப்பதும் செலவைக் குறைக்குமே தவிரக் கலோரியைக் குறைக்காது. கொழுப்பு எதுவானாலும் கிராமுக்கு 9. வனஸ்பதி வாடை வந்தால் மட்டும் விலகிவிடுங்கள். வனஸ்பதியில் உருவாகும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் 2 சதவீத வரம்பு இருக்கிறது என்றாலும், நெய் விலை கொடுத்து அதைச் சாப்பிடுவானேன்?

என்னைக் கேட்டால், ஊரில் இருப்பவருக்கு அசோகாதான், ஆனால் சின்னக் கிண்ணத்தில். ஓரத்தில் நெய் பிரிந்து நிற்கும்போதுதான் பதம் என்பார்கள். அந்த ஓரத்தை விட்டு நடுவிலிருந்து எடுத்தால் நெய் கொஞ்சம் குறையும். சந்திரகலாவை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். சென்னைக்கோ துபாய்க்கோ கட்டிக்கொண்டு போகிறவருக்கு மைசூர்பாகைத் தவிர வேறு வழியில்லை. ஈரம் இல்லாததால் அது வாரக்கணக்கில் கெடாது. அத்தனை கலோரியை அடைத்துவைத்திருப்பதற்கும் அதுவே காரணம். அசோகாவின் ஈரம் அதைச் சில நாளுக்கு மேல் விட்டுவைக்காது. மறுநாள் இறுகிப்போனதைச் சூடாக்கும்போது ஒரு ஸ்பூன் நெய் விடுவது நம் வழக்கம். அதற்கு 45 கலோரி சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்துக் கிளறினாலும் அது இளகும்.